கொளுத்திப் பார்த்து ஒட்டிய பிளேன்காரர்

உலகத்தில் எதையும் கொளுத்திப் பார்த்த பிறகே ஒட்டலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கீழவாசல் பிளேன்காரர்தான்.

வளைகுடாவில் விமானங்களுக்குள்ளே துணியும் தோலும் ஒட்டும் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் தஞ்சாவூர் திரும்பி கார் சீட் கடை வைத்தார். யார் துணி கொண்டுவந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டுவார், ஸ்ப்ரே பசையை அடித்துக் காயவைப்பார், தீக்குச்சியைக் கிழிப்பார். தீ தானாக அணைந்தால்தான் வேலையை எடுப்பார். "பிளேன் எரிஞ்சா எறங்கி ஓட முடியுங்களா?" என்பார். சோபாவோடு வந்தவர்கள் சோபாவோடு ஓடினார்கள்.

மாதா கோயிலில் முழங்கால் போடும் மெத்தைக்கும் இதே சோதனை.

"யோவ், இது கோயில்யா, பிளேன் இல்ல!" என்று ஃபாதர் அலறினார்.

"ரெண்டுமே மேல போறதுக்குத்தானே ஃபாதர்!"

என் அம்பாசடரின் கூரைத்துணி தொங்கியபோது அவரைத்தான் கூப்பிட்டேன். டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு, "இது ஸ்பாஞ்சைத் தின்னுடும். இது துணியில ஊறிக் கறை காட்டும். இது நம்ம ஊரு வெயிலுக்கு இளகிடும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு பசையைத் தேர்ந்தெடுப்பதற்குள் நான் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்துவிட்டேன்.

அந்த மாப்பிள்ளையின் அப்பா பட்டுக்கோட்டையில் வேன்கள் வைத்திருந்தார். என் கார் நன்றாக வந்தால் வேன் வேலை முழுவதும் பிளேன்காரருக்கு என்று சொல்லியிருந்தார்.

"அது கெடச்சா மறுபடி வெளிநாடு போவ வேணாம் சார். ஊருக்கு வந்த புதுசுல எம் பொண்ணு என்னை அங்கிள்னு கூப்பிட்டுச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் கூரையிலும் துணியிலும் பசையை அடித்தார். "விரல் வச்சா இழுக்கணும், ஆனா விரல்ல வரக் கூடாது. அதுவரைக்கும் யாரும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"என்னங்க, ராகுகாலம் வந்துடப் போவுது. அதுக்குள்ள ஒட்டிட்டா நல்லதுதானே?" என்றாள் மனைவி.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். தொட்டுப் பார்த்தேன், பசை விரலில் வந்தது. இருந்தும் இரண்டு கையாலும் துணியைத் தூக்கி அழுத்தினேன். திரும்பி வந்தவர் திடுக்கிட்டார்.

"விரல் வச்சுப் பாத்துட்டுத்தான் ஒட்டினேன். வரல" என்றேன்.

"சார் படிச்சவங்க, சரியாத்தான் பாத்திருப்பீங்க" என்றார்.

மறுநாள் மத்தியான வெயிலில் சம்பந்தி வீட்டாரை அதே காரில் அழைத்துவந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் கூரைத்துணி கழன்று சம்பந்தியம்மாவுக்கு முக்காடு போட்டுவிட்டது. தெருவே சிரித்தது. சம்பந்தி சிரிக்கவில்லை.

"இதுவாங்க உங்க ஆளு ஒட்டினது?"

ஆள் அனுப்பி பிளேன்காரரை வரவழைத்தேன். அவர் துணியைப் புரட்டினார். காயாத பசையில் என் பத்து விரல்களும் பதிந்திருந்தன. துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற என் பெண்ணைப் பார்த்தார்.

"அவசரப்பட்டு ஒட்டிட்டேங்க. எம் மேலதான் தப்பு" என்றார் சம்பந்தியிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் பெண்ணின் கல்யாணம் நடந்தது. வேன் வேலை வேறு ஆளுக்குப் போனது. பிளேன்காரர் மறுபடி வளைகுடாவுக்குப் போனார். அவருடைய பெண் மறுபடி அங்கிள் என்று கூப்பிட்டதா, தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க விமானத்தில் போகிறோம். ஒவ்வொரு முறையும் ஜன்னலோரச் சுவரில் கையை வைக்கிறேன்.

"என்னத்தைங்க தடவுறீங்க?" என்கிறாள் மனைவி.

"நம்ம ஆளு ஒட்டினதா இருக்கும்."

மெல்லத்தான் தொடுகிறேன். அழுத்துவதில்லை.