கங்கம்மாள் வாசலில் பதினேழு குண்டூசிகள்

குற்றம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் குற்றவாளியைப் பாதி பிடித்த மாதிரி என்பது அரசாங்கத்தின் மேலான கருத்து. 1969-ல் இந்தக் கருத்தை மெட்ராஸில் பதினைந்து நாள் பயிற்சியாக நடத்தினார்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, எங்கள் ஏரிக்கரை ஸ்டேஷனின் சப்-இன்ஸ்பெக்டர் வரதன் அதற்குப் போய்விட்டு, ஒரு பெரிய வரைபடமும் இரண்டு டப்பா சிவப்புக் குண்டூசியுமாகத் திரும்பினார். அதுவரை அவர் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டார்.

அந்த வருஷம் எங்கள் குப்பத்தில் வலைத் திருட்டு அதிகம். ஏரியில் முளையடித்து வலை கட்டிவிட்டு வருவோம். விடிந்து போனால் முளை மட்டும் நிற்கும். முதலில் பறிகொடுத்தவள் கங்கம்மாள். புருஷன் இல்லாதவள். அந்த ஒரு வலையால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. புகார் கொடுக்கப் போனாள்.

வரதன் குண்டூசியோடு வரைபடத்தின் முன் நின்றார். ஏரி நீலமாக இருந்தது. நீலத்தில் ஊர்ப்பெயர் இல்லை, சர்வே எண் இல்லை. சர்வே எண் இல்லாத இடத்தில் குற்றம் நடக்க விதிமுறை அனுமதிக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"தண்ணியிலதான் சாமி போச்சு," என்றாள் அவள்.

"தண்ணியில குத்தக் கூடாதும்மா. கிட்டக்க கீற தரை எது?"

ஸ்கேல் வைத்து அளந்தார். எங்கள் குப்பம் ஏரிக்குள் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். மூக்கு நுனியில் கங்கம்மாள் வீடு. குண்டூசி அங்கே இறங்கியது. அப்புறம் ஏரியில் யார் வலை போனாலும் கிட்டத்துத் தரை அந்த நுனிதான். மூன்று மாதத்தில் பதினேழு ஊசி. இடம் போதாமல் கடைசி இரண்டைச் சாய்த்துக் குத்தினார்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். வரைபடத்தை அரை மணி நேரம் ஆராய்ந்தார். ஏரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காம்பஸால் அந்த வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "குற்றத்தின் தலைமையிடம் கண்டறியப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கங்கம்மாளைக் கூட்டிப்போனார்கள்.

"என் வலையும்தானே சாமி போச்சு?"

"தெரியும். மொதல் ஊசியே உன்னுதுதான்," என்றார் வரதன். "சொந்த வலையையே உட்டு வெக்காதவ, ஊரான் வலையை உட்டு வெப்பியா?"

வீட்டைச் சோதனை போட்டதில் இரண்டு மீன் கூடையும் ஒரு சோற்றுப் பானையும் அகப்பட்டன. ஒரு முழ நூல்கூடக் கிடைக்காததால், 'தடயம் விடாத கைகாரி' என்று அறிக்கை போயிற்று. ஆதாரம் இல்லையென்று அவளை விட்டுவிட்டார்கள். வரதனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வலை போவது மட்டும் நிற்கவில்லை.

குப்பம் கூடியது. ஏரியில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைப்பது குப்பம்தான். இரவல் வலையோடு அந்த முறையை நம்பித்தான் கங்கம்மாள் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவள் முறையை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அவளுக்குப் படகு கிடையாது, தள்ளவும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவள் வலையை இத்தனை வருஷமும் கட்டிக்கொடுத்தது நான்தான்.

"அவ எடுத்துருக்க மாட்டான்னுதான் எனக்கும் தோணுது," என்றார் குப்பத்துத் தலைவர் அருணகிரி. "ஆனா அம்மாம் பெரிய ஆபீசரு ரவுண்டு போட்டுக்கீறாரு. சும்மாவா போடுவாரு?"

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கங்கம்மாள் என்னைப் பார்த்தாள். என் வலை போன அன்று தன் பங்குச் சோற்றை எனக்குப் போட்டவள் அவள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினேழில் ஒரு ஊசி என்னுடையது. அதுவும் அவள் வாசலில்தான் குத்தியிருந்தது. நானும் கை தூக்கினேன்.