பாலாற்றில் ஒரு மாமனார் வீடு

காஞ்சிபுரத்தில் யார் எதை வரைந்தாலும் அதை அளந்து பார்க்காமல் விடாத ஒரே மனிதர் அரையங்குலம்தான். அப்படி ஓர் இம்சையை இந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. என் கல்யாணத்தையே ஒரு ஸ்கேலை வைத்து ஆற்றில் விடப் பார்த்தவர் அவர்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டு பிளான் வரைந்து தரும் சின்ன ஆபீசில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் "அரை அங்குலம் ஒதைக்குதுபா" என்பார். ஆகவே ஊருக்கே அவர் அரையங்குலம். அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சுவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி என்று எழுதியிருந்தால் அது பன்னிரண்டு அடிதான். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது. இன்ஜினியர் இதைத் தொண்டை வறளச் சொல்வார். அரையங்குலம் பவ்யமாகத் தலையாட்டுவார். இன்ஜினியர் நகர்ந்ததும் ஸ்கேலை எடுப்பார்.

"நம்பரு மனுசன் எழுதறது சார். கை தவறும். கோடு அப்டியே நிக்குது பாருங்க."

"கோட்டைப் போட்டதும் மனுசன்தானேய்யா!"

இது மட்டும் அவர் காதில் விழாது.

பிளானோடு விட்டாரா? காலண்டர் முருகனின் வேலாயுதத்தை அளந்து, இவ்வளவு பெரிய வேலை மயில் தாங்காது என்று கணக்குப் போட்டார். ஒரு வீட்டு வாசலில் கோலத்தை அளக்கக் குனிந்தபோது அந்த வீட்டு அம்மாள் ஒரு வாளி சாணித் தண்ணீரை அவர் முதுகில் ஊற்றினார். டீக்கடைச் சுவரில் தேர்தல் சின்னத்தை அளக்கப் போய்க் கட்சிக்காரர்கள் துரத்தியது தனிக் கதை.

இந்த நிலையில் எனக்கு ஓரிக்கையில் பெண் நிச்சயமாயிற்று. ஓரிக்கை என்ன சீமையிலா இருக்கிறது, சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனால் பெண் வீடு ஊரைத் தாண்டித் தோப்புகளுக்கு நடுவே இருந்தது. அதனால் பெண்ணின் அண்ணன் ஒரு காகிதத்தில் வழியை வரைந்து அனுப்பியிருந்தார். ஆபீசில் அதைப் பிரித்தேன். பக்கத்து மேசையில் ஸ்கேல் எழுந்துவிட்டது.

"ஒரு அங்குலத்துக்கு எத்தினி அடின்னு ஸ்கேலு எழுதவே இல்லியே. சரி, நாமளே கண்டுபுடிச்சிக்கலாம்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓரிக்கைப் பிள்ளையார் கோயில் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். படத்தில் அது எத்தனை அங்குலம் என்று அளந்தார். வகுத்தார். மற்றதெல்லாம் கிடுகிடுவென்று வந்து விழுந்தது.

"கெணறு குறுக்க நூத்தறுவது அடி. தெப்பமே விடலாம். ஊடு பக்கத்துக்கு முந்நூறு அடி. உங்க மாமனார் இன்னா, ராஜாவா?"

"அண்ணே, அது சும்மா போட்ட கட்டம்!"

"சும்மான்னு ஒரு கட்டம் கெடயாதுபா."

கல்யாண நாள் வந்தது. எங்களுக்குப் பிள்ளையார்பாளையம். கூரைப் புடவையை அப்பாவே எங்கள் வீட்டுத் தறியில் நெய்திருந்தார். அதை உடுத்திக்கொண்டு வந்தால்தான் பெண் மணையில் உட்கார முடியும். அரையங்குலம் ஆபீசில் ஒரு ரப்பர் துண்டைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"வேன்ல ஏத்தினா மூட்டையோட மூட்டையா பூடும். அவராண்ட குடுத்துடுடா."

அவரையும் வேனில் ஏறச் சொன்னோம். மாட்டாராம். வேன்காரர் வழி கேட்டுக் கேட்டுப் போகிற ஆளாம். புடவைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, படத்தையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மேளம் வந்தது, ஐயர் வந்தார், முகூர்த்த நேரமும் வந்தது. புடவை மட்டும் வரவில்லை. பெண் உள்ளே காத்திருந்தாள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாரையாவது வழி கேட்டு வந்துடுவாரு, வுடுங்க மாப்ள" என்றார் மைத்துனர்.

"கேக்க மாட்டாரு. நீங்க போட்ட படத்தை அளந்துக்கினு வருவாரு."

மைத்துனர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயய்யோ! பாதியில பேப்பர் தீந்துடுச்சி மாப்ள. ரோட்டைப் பக்கவாட்டுல மடக்கி ஊட்டைப் போட்டுட்டேன்."

மடக்கின பக்கம் பாலாறு.

மாலையைக் கழற்ற நேரமில்லை. ஆளுக்கொரு சைக்கிளில் பறந்தோம். அங்கே நட்டாற்று மணலில், சுட்டெரிக்கிற வெயிலில், வெற்று உடம்போடு அரையங்குலம் நின்றுகொண்டிருந்தார்.

"வாபா. நான் கரெக்டா வந்துட்டேன். உங்க மாமனார் ஊட்டத்தான் காணோம்."

"ஆத்துக்குள்ள எவன்ணே ஊடு கட்டுவான்? முகூர்த்தம் போவுது!"

"அதான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன். அளவு சரியாத்தான் இருக்குது."

மைத்துனர் காகிதம் தீர்ந்த கதையைச் சொன்னார். அரையங்குலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தீந்தா இன்னொண்ணு ஒட்டணும்பா. ரோட்டையா மடக்குவ?"

அந்த இடத்திலேயே அரையங்குலத்தின் கழுத்தை நெரித்திருப்பேன். அப்போதுதான் புடவைப் பெட்டி கண்ணில் பட்டது. மணல் படாமல் அதைச் சைக்கிள் மேல் வைத்து, தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, மேலே குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடையின் நிழலில் அவர் தலைகூட இல்லை.

"வெயில்ல சரிகை கறுத்துடப் போவுது. உங்கப்பா கை நோவ நெய்ஞ்சதாச்சே" என்றார்.

என் கோபம் பாதியில் நின்றது. மீதிப் பாதியை வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி கட்டிவிட்டேன். புடவையில் ஒரு பொட்டு மணல் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் ஒரு சுருளை நீட்டினார். எங்கள் வீட்டிலிருந்து அவள் அம்மா வீட்டுக்கு வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே போய் அளந்து வரைந்தது. திருப்பம், மரம், கிணறு எல்லாம் அளவோடு இருந்தன. ஆற்று மணலில் மட்டும் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில் அழகான கையெழுத்தில், 'முதல் கணக்குப்படி வீடு.'

"அங்கதான் வீடு இல்லியே, அண்ணா?" என்றாள் அவள்.

"அளந்தது அளந்ததுதாம்மா."

அரையங்குலம் இப்போது இல்லை. அந்தப் படம் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் இருக்கிறது. ஓரிக்கைக்குப் போகும்போதெல்லாம் நானும் அவளும் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நிற்போம். அங்கே வீடு எதுவும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் குடை பிடித்துக்கொண்டு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவோம்.