அயர்லாந்து வழியாகத் திருமானூர்

அரியலூரில் பஸ் ஏறித் திருமானூரில் இறங்குவதற்குள் ஐம்பது பேரை அயர்லாந்துக்கு அழைத்துப்போய், திருமானூர் டிக்கெட்டுக்கு மேல் ஒரு பைசா வாங்காமல் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அயர்லாந்துதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தார். அதை யாரும் குனிந்து படித்ததில்லை. வரதராஜன்பேட்டைக்காரர். உயரம் கம்மி, மீசை அதிகம். ஸ்டீயரிங்குக்கு மேலே முதலில் தெரிவது அந்த மீசைதான்.

அப்போது நான் திருமானூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். வீடு அரியலூரில். காலையும் மாலையும் அவர் ஓட்டிய தனியார் பஸ்ஸில்தான் போய்வருவேன்.

எங்கள் பக்கத்தில் தனியார் பஸ்ஸை நேரம் பார்த்துப் பிடிக்கிறவர்கள் குறைவு. பாட்டுக் கேட்டுத்தான் ஏறுவார்கள். பின்னால் வரும் வண்டியில் புதுப்பாட்டு ஓடுகிறது என்று தெரிந்தால், முன்னால் காலியாக நிற்கும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சாலையில் இந்த மனிதர் முதல் நாள் பென்டிரைவைச் செருகினார். ஒரு வயலின் மெல்ல ஆரம்பித்தது. பாட்டு இனிமேல் வரும் என்று பஸ்ஸே காத்திருந்தது. ரயில்வே கேட் போயிற்று, சிமெண்டு லாரிகளின் தூசி போயிற்று, கீழப்பழுவூரும் வந்துவிட்டது. பல்லவி வரவில்லை.

தென்னங்கன்றை மடியில் வைத்திருந்த ஒருவர் பொறுமை இழந்தார். "என்னங்க இது, மியூசிக் மட்டும் வருது, பாடுறவன் இன்னும் ஏறலியா?"

கண்டக்டர் செல்வம் டிக்கெட் கிழித்தபடியே சொன்னான்: "அவரு திருமானூர்ல ஏறுவாருங்க."

கல்லூரிப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நடவுக்குப் போகும் பெண்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், நான். எங்களுக்கு வேறு பஸ்ஸின் நேரம் ஒத்துவரவில்லை என்பதுதான் உண்மை. ரசனை பிறகு வந்தது.

"எங்க புடிச்சீங்க இந்தச் சங்கீதத்தை?" என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"கத்தார்ல ஒரு இன்ஜினீயருக்கு வண்டி ஓட்டுனேன் சார். அயர்லாந்துக்காரரு. காலைல வேலைக்குப் போவயில குதிக்கிற பாட்டு. சாயங்காலம் திரும்பயில இழுக்குற பாட்டு. இழுக்குற பாட்டு வந்தா பின்னால உக்காந்து சத்தமில்லாம அழுவாரு. நான் கண்ணாடில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். ஒருநா பாத்தா நானும் அழுதுக்கிட்டிருக்கேன்."

"நீங்க எதுக்கு?"

"அவருக்கு அவரு ஊரு ஞாபகம். எனக்கு வரதராஜன்பேட்டை ஞாபகம். பாட்டு ஒண்ணுதானே சார்."

கத்தாரிலிருந்து மற்றவர்கள் டிவி கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது அந்தப் பென்டிரைவும், இன்ஜினீயர் பிரியும்போது கொடுத்த ஒரு தகரக் குழலும். இதனால் வீட்டம்மா கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை என்று செல்வம் சொன்னான். குழலில் அவருக்கு ஒரு பாட்டின் முதல் பாதிதான் தெரியும். திருமானூர் ஸ்டாண்டில் அவர் அதை எடுத்தால், நிழலில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து கொள்ளிடக்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடும்.

இசை கேட்பது தவறில்லை. இசைக்குத் தகுந்தபடி பஸ் ஓட்டியதுதான் சிக்கல். குதிக்கிற பாட்டு வந்தால் பஸ்ஸும் குதிக்கும். வேகத்தடை, பள்ளம், வைக்கோல் போர் எல்லாம் தாளத்தில் பறக்கும். நிற்கிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரும்பாமலே ஆடுவார்கள். ஹாரனையும் அந்தத் தாளத்தில்தான் அடிப்பார். போகப்போக எதிரே வரும் சிமெண்டு லாரிக்காரர்களும் அதே தாளத்தில் பதில் அடிக்கப் பழகிவிட்டார்கள். இழுக்கிற பாட்டு வந்துவிட்டாலோ, முன்னால் போகும் கரும்பு டிராக்டரைக்கூடத் தாண்ட மாட்டார்.

"அண்ணே, டயம் போச்சுண்ணே. ஓவர்டேக் பண்ணுண்ணே" என்று செல்வம் கெஞ்சுவான்.

"இந்தப் பாட்டுல ஓவர்டேக் பண்ணக்கூடாதுடா. பாவம்."

"அப்ப பாட்டையாவது மாத்துண்ணே."

"பாதியில மாத்துனா அதைவிடப் பாவம்."

அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பதில் பயணிகளுக்குள் தீராத வழக்கு இருந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது நடவுக்குப் போகும் அஞ்சலையின் கட்சி. காளை மாடு செத்துப்போனது என்றார் கரும்பு வெட்டுகிற ஒருவர். கடைசியில் வழக்கு என்னிடம் வந்தது.

"வாத்தியாரய்யா, நீங்க இங்கிலீசு படிச்சவுங்க. என்னதான் சொல்லுது அது?" என்றாள் அஞ்சலை.

"அதுல வார்த்தையே கெடையாதும்மா."

"வார்த்தை இல்லாமயா இப்புடி அழுவுது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அயர்லாந்தின் வரலாறு சொன்னேன். உருளைக்கிழங்கு அழுகியது, பஞ்சம் வந்தது, ஜனங்கள் கப்பலேறிப் போனார்கள், போனவர்கள் பலர் திரும்பவில்லை, அவர்கள் போன இடமெல்லாம் இந்த இசையும் போனது. அஞ்சலை கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"பஞ்சம், கப்பலு, போனவன் வரலை. இது எங்க மாமியா வூட்டுக் கதைங்கய்யா. இதுக்கு எதுக்கு அம்மாந் தூரம் போனீங்க?"

அதற்குப் பிறகு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. மாலை வண்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தபடி வருவார்கள். வயலின் ஒரு வரியைச் சொல்லும். சொன்னது போதாது என்று அதையே திரும்பச் சொல்லும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் சற்றுக் குரல் உயர்த்தி. பிறகு கையிடுக்கில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் குழல் ஒன்று, பனியில் யாரையோ தேடுவதுபோல வந்து சேர்ந்துகொள்ளும். பூத்த கரும்பின் மேல் வெயில் சாயும். நீர் நிறைந்த வயலில் ஒரு கொக்கு நிற்கும். பாட்டில் சொல் இல்லாததால் அவரவர் சொல்லை அவரவர் போட்டுக்கொள்ளலாம். இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டு, அடுத்த ஊரில் விழித்துக்கொள்கிறவர்கள் தினமும் இருந்தார்கள். செல்வம் ஒவ்வொருவரையும் தோளில் தட்டி இறக்கிவிடுவான். திட்டிக்கொண்டே இறங்குகிறவர்கள் மறுநாளும் அதே வண்டியில் ஏறுவார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் என் மனைவி இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், காபி போதுமா என்று பார்த்தேன். சார் கல்லு மாதிரி நின்னாரு என்று ஊரே பாராட்டியது. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது. காரியம் முடிந்து பள்ளிக்குப் போனேன். மாலையில் அயர்லாந்தின் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த வயலின் ஆரம்பித்தது. குரல் உயரும் அந்த இடம் வந்தபோது வாய்விட்டு அழுதேன். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, ஒரு குழந்தையைப்போல. என்னிடம் படித்தவர்கள் பின் சீட்டில் இருந்தார்கள். புல்லுக்கட்டோடு வந்த அஞ்சலை முந்தானையை நீட்டினாள். செல்வம் டிக்கெட் கேட்கவில்லை. கண்ணாடியில் அயர்லாந்தின் கண்கள் தெரிந்தன. பாட்டு முடிந்ததும் அவர் அதையே மறுபடி போட்டார். பஸ் ஊர்ந்தது.

மறுநாள் வகுப்பில் நுழையும்போது பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கேலி ஒன்றுமில்லை, இரக்கம்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் முதலாளி பெரம்பலூரில் இருந்தார். அவர் மகனுக்கு நான் பாடம் சொன்னவன். நேரே போய், பயணிகள் முகம் சுளிக்கிறார்கள், சாவு வீட்டுப் பாட்டு என்று பேசிக்கொள்கிறார்கள், வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்றேன். இதில் கடைசிச் செய்தி மட்டும்தான் உண்மை.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார் அவர்.

அந்த வாரமே சினிமாப் பாட்டு வந்துவிட்டது. பஸ் நேரத்துக்குப் போயிற்று. அயர்லாந்து கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அஞ்சலை என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி, "எந்தக் கட்டையில போறவன் போட்டுக் குடுத்தானோ, அவன் நல்லாருப்பானா? இந்தாங்கய்யா, கடலை சாப்புடுங்க" என்றாள். சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து அயர்லாந்து பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"சார், மொதலாளி உங்க வார்த்தையத் தட்ட மாட்டாரு. காலைல வேணாம், சாயங்கால டிரிப்புக்கு மட்டும் போட்டுக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பஸ்ஸுலயே நெசமாக் கேட்டவரு நீங்கதான்."

"பாக்கலாம்" என்றேன். நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவர் பஸ்ஸை விட்டுவிட்டுச் சிமெண்டு லாரிக்குப் போய்விட்டதாகச் செல்வம் சொன்னான்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது செல்போனில் தேடினால் அந்த இசை எல்லாம் கிடைக்கிறது. கீழே உலகமே வந்து எழுதிவைத்திருக்கிறது. ஜப்பானில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், தாங்கள் பார்க்காத அந்த ஊருக்குத் தாங்கள் ஏன் ஏங்குகிறோம் என்று தெரியவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரிகிறது. ஆனால் எழுதத் தைரியமில்லை. எழுதினால் முதலாளியிடம் போன கதையையும் எழுத வேண்டும்.

சில மாதங்களுக்கு முன், ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்து டீக்கடையில் அந்த மீசையைப் பார்த்தேன். நரைத்திருந்தது. குசலம் விசாரிக்கக்கூடத் தோன்றாமல், "முதலாளிகிட்ட சொன்னது நான்தாங்க" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "தெரியும் சார். அன்னிக்கே மொதலாளி சொல்லிட்டாரு."

"தெரிஞ்சேவா என்கிட்ட வந்து கேட்டீங்க?"

"கட்டுனவருதானே சார் அவுக்கணும்."

அவரே தொடர்ந்தார்: "அந்த இன்ஜினீயரும் ஒருநா அழுதுட்டு, பென்டிரைவப் புடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டாரு. நல்ல பாட்டு எல்லாம் போச்சு. மறுநா அவரே போய் எல்லாத்தையும் புதுசா ஏத்திக் கொண்டாந்தாரு. நீங்க கொஞ்சம் லேட்டு சார்."

"லாரியில போடுறீங்களா?"

"போடுறேன். கேக்கத்தான் ஆளில்ல. சிமெண்டுக்கு என்னா தெரியும்?" டீக்கிளாஸை வைத்தார். "வாங்க, வூட்டுல எறக்கி வுடுறேன்."

லாரியின் படி என் இடுப்பு உயரம் இருந்தது. பின்னாலிருந்து தூக்கித் தள்ளினார். மூட்டையைத் தள்ளுவதைவிட மரியாதையாகத்தான். சுற்றி வந்து தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தவர், பிளேயரில் விரலை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"எந்தப் பாட்டு சார்?"

"அன்னிக்கு ரெண்டு தடவை போட்டீங்களே, அது."

"வேணாம் சார். அழுவீங்க."

"அழுதுட்டுப் போறேன். போடுங்க."

போட்டார். என் தெருமுனை வந்து லாரி நின்றபோது பாட்டு முடிந்திருக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை.