சின்ன வாய், பெரிய வயிறு

“இனிமே இந்த வீட்டுல கிண்ணம் கிடையாது. குடம்தான்!”

மீட்டர்காரர் இப்படி அறிவித்தபோது அவர் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிக்கிறவரை அவள் யாருக்கும் பதில் சொல்லமாட்டாள். வீடே தீப்பிடித்தாலும் நூல் நுழைந்த பிறகுதான் தண்ணீர்.

மீட்டர்காரர் என்றால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். அவரை ஏமாற்ற முடியாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். “வீட்டுல ஆறு பேரு, துவைச்ச துணி கொடி நிறைய தொங்குது, மீட்டர் மட்டும் அசையலன்னா எனக்குப் புரியாதா? கணக்கு இடிக்குமில்ல!” என்பார். இதைத் தெருவில் கேட்காத காது கிடையாது.

வேலை முடிந்து வந்தால் பின்னறைதான் அவருக்கு உலகம். அங்கே கடைசல் மிஷின் இருக்கிறது. மரக்கட்டையை அதில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைக் கொடுத்துக் கிண்ணம் கிண்ணமாகக் கடைந்து தள்ளுவார். பொத்தானுக்கு ஒரு கிண்ணம், சாவிக்கு ஒன்று, பூண்டுக்கு ஒன்று, பூனை சுருண்டு படுக்க ஒன்று. காலை நீட்டினால் கிண்ணம் உருளும். அதெல்லாம் பழைய உளிகள் செய்த வேலை. இப்போது வந்திருப்பவை புது உளிகள். கைப்பிடி முழ நீளம், முனையில் கொக்கு மாதிரி வளைந்த கழுத்து. சின்ன வாய் வழியாக உள்ளே போய், வளைந்து, பானையின் வயிற்றைச் சுரண்டி எடுக்குமாம்.

நூல் நுழைந்தது. அவள் நிமிர்ந்தாள்.

“ஏங்க, பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கற வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. துணி வந்து இறங்கப்போகுது. ஹால்ல வச்சுத் தைச்சா பாதிச் சட்டை பூனை முடி, மீதிச் சட்டை உங்க மரத்தூள். பின்னறையை எனக்கு விட்டுடுங்க. அங்க ஜன்னல் இருக்கு, வெளிச்சம் வருது.”

“எனக்கு மட்டும் வெளிச்சம் வேணாமா?”

“உங்களுக்கு எதுக்கு? குடத்துக்குள்ள இருட்டாத்தானே இருக்கும்?”

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான். கோழி வளர்க்கிறவள். கூண்டில் பரப்புவதற்கு மரச்சீவல் வேண்டும் என்று சாக்கோடு வருவாள். வந்தவள் காதையும் கூடவே கொண்டுவருவாள்.

சிரிப்பு மீட்டர்காரரைச் சுட்டுவிட்டது. “சரி, பந்தயம்! சின்ன வாய், பெரிய வயிறு. ஓட்டை விழாம ஒரு குடம் செஞ்சு காட்டறேன். காட்டிட்டா அறை எனக்கு. அதுக்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.”

“காட்டலன்னா?”

“காட்டுவேன்.”

“காட்டலன்னா?”

“மிஷினைத் தூக்கிப் பின்வாசல் கூரைக்கடியில போட்டுக்கறேன். போதுமா?”

“சீருடைத் துணி வர்றதுக்குள்ள. வயிறு முழுசாக் குடைஞ்சிருக்கணும். அக்கா, நீங்கதான் சாட்சி.”

“எனக்கு யாரு ஜெயிச்சா என்ன? என் கோழிக்குச் சீவல் வந்தா சரி” என்றாள் அக்கா.

முதல் குடத்துக்கு வெளிப்பக்கம் அழகாக வந்தது. சுருள் சுருளாகச் சீவல் பறந்து ஒரு சாக்கு நிறைந்தது. பிறகு குடைய ஆரம்பித்தார். அங்கேதான் சிக்கல். கிண்ணமென்றால் உளி போகிற இடம் கண்ணுக்குத் தெரியும். குடத்தில் ஒன்றும் தெரியாது. காதை வைத்துத்தான் வேலை. சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும் என்று அவருக்குத் தெரியும். எந்தச் சத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் தெரியாது. உள்ளேயிருந்து இன்னொரு சாக்குச் சீவல் வந்தது. அதன் பின்னாலேயே உளியின் மூக்கும் விலாவைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

மனைவி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். “பரவால்லங்க. குடத்துக்கும் ஜன்னல் வேணும்ல.”

இரண்டாவது குடத்தில் விலாவைக் கவனித்துக்கொண்டே அடியை மறந்துவிட்டார். அடி வட்டமாகக் கழன்று உருண்டுபோய்ப் பூனையை எழுப்பியது. மேலே சின்ன வாய், கீழே பெரிய வாய், நடுவில் வயிறே இல்லை. மனைவி அதைக் கவிழ்த்துப் பார்த்துத் தன் தையல் விளக்குக்கு மூடியாக மாட்டிக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

ஒவ்வொரு தடவையும் அறையைக் கூட்டி, சீவலை அள்ளிச் சாக்கில் கட்டி அக்காவுக்குக் கொடுப்பது அவள் வேலை. முணுமுணுக்காமல் செய்தாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அங்கேதான். மீட்டர்காரர் படவில்லை.

மறுநாள் துணி வருகிறது என்று செய்தி வந்தது. அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல கட்டை. விடுமுறை நாள். கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். வெளிப்பக்கத்தைக் கடைந்து முடித்தபோது அவருக்கே கண் கூசியது. அப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு மினுமினுப்பு. குடைய உளியை எடுத்தார். வாய்க்குள் நாலு விரல் ஆழம் போனதுமே வெளியே இழுத்துக்கொண்டார்.

‘இதுவும் போச்சுன்னா அறையும் போச்சு.’

குடத்தைப் பார்த்தார். வாயில் இரண்டு விரல்தான் நுழையும். அதுவும் பாதிதான். உள்ளே இருட்டு. யார் பார்க்கப்போகிறார்கள்?

உளியைக் கீழே வைத்தார். மிஷினை மட்டும் வெறுமனே ஓடவிட்டு, ஒரு துண்டுக் கட்டையை உப்புத்தாளால் கரகரவென்று தேய்த்துக்கொண்டு, சாயங்காலம்வரை சீட்டியடித்தபடி குடத்தைக் ‘குடைந்தார்’.

கதவைத் திறந்ததும் மனைவி வழக்கம்போல் அறையைக் கூட்டிச் சீவலை அக்காவிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு குடம் வெளியே வந்தது. ஹால் மேஜைவரை அவரே தூக்கி வந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் மட்டும் சிரித்தது.

“பாரு. பூ மாதிரி!”

“அடேயப்பா!” என்றாள் அக்கா. இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். “ஆமா, உள்ள போகுது.”

மனைவி கையை நீட்டினாள்.

“தூக்காத! எண்ணெய் பூசியிருக்கு, கலைஞ்சிடும்.”

“தூக்கல. எவ்வளவு பிடிக்கும்?”

“நாலு லிட்டர். தண்ணி அளக்கறதுதானே என் தொழில்! ஆனா எதையும் ஊத்தக்கூடாது. மரம் ஊறிடும்.”

“ஊத்தல. அரிசிகூடப் போடல. அக்கா, இன்னிக்குச் சீவல் எத்தனை சாக்கு குடுத்தேன்?”

“ஒண்ணு. அதையே கேக்கணும்னு வந்தேன். போன ரெண்டு தடவையும் ரெண்டு ரெண்டு சாக்கு. இன்னிக்குப் பாதிக் கோழி வெறுந்தரையில நிக்குது.”

மனைவி கணவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அவர் மீட்டரைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

“வெளிப்பக்கம் சீவினது ஒரு சாக்கு. வந்துடுச்சு. வயித்துல இருந்து வரவேண்டிய சாக்கு எங்கங்க?”

“அது… ரொம்பப் பொடியா வந்துச்சு. காத்துல பறந்துபோயிருக்கும்.”

“ஜன்னலைச் சாத்தியிருந்தீங்களே?”

மீட்டர்காரர் பூனையைப் பார்த்தார். பூனை வேறு பக்கம் பார்த்தது.

“குடம் குடைஞ்சாச்சு, சீவல் மட்டும் காணோம்” என்றாள் மனைவி, அவர் குரலிலேயே. “கணக்கு இடிக்குமில்ல!”

அக்கா மேஜை மேலிருந்த குடத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையால் தூக்கி, “அம்மாடி!” என்று கீழே வைத்தாள். தீர்ப்பு வேறு வேண்டியிருக்கவில்லை.

இருட்டுவதற்குள் கடைசல் மிஷின் பின்வாசல் கூரைக்கடியில் போய் நின்றது. தூக்குவதற்கு ஒரு பக்கம் அக்கா பிடித்தாள். இன்னொரு பக்கம் மனைவியே பிடித்தாள். மீட்டர்காரர் உளிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவர் பின்னறையை எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் தையல் மிஷின். மடித்து அடுக்கிய சீருடைத் துணி சுவர் உயரத்துக்கு நின்றது. தரையில் ஒரு தூசி இல்லை. ஜன்னல் வழியாகக் காற்று வேகமாக வந்தது. ஆனாலும் எப்போதும் படார் படாரென்று அடித்துக்கொள்ளும் அறைக்கதவு இன்று அசையவே இல்லை.

குனிந்து பார்த்தார். கதவுக்கு முட்டாக அவருடைய குடம் மினுமினுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். இத்தனை நாளில் அவர் செய்த ஒரு பொருளைப் பற்றி அவள் மனசாரப் பேசியது அன்றுதான்.

“ரொம்ப நல்லா உழைக்குதுங்க. வாசக்கதவுக்கும் ஒண்ணு வேணும், அக்காவும் கோழிக்கூண்டுக்கு ஒண்ணு கேட்டாங்க. குடைஞ்சு மட்டும் கெடுத்துடாதீங்க, என்ன?”