ஐந்தரை மணி நடைச் சேவை

உவர்மலை,
திருகோணமலை.

பேரன்புக்குரிய மருமகன் தனஞ்சயன் அவர்கட்கு,

மாமனார் இரத்தினசிங்கம் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மகள் தயாளினியும் ஒஸ்லோக் குளிரில் கை கால் விறைக்காமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக. இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதியாயிற்று, இனி உண்மைக்கு வருகிறேன். இதை வட்ஸ்அப்பில் சொல்லாமல் முத்திரை ஒட்டி ஏன் அனுப்புகிறார் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் நான் தொலைபேசியில் கதைப்பதெல்லாம் உங்கள் மாமி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, திருத்தமும் சொன்ன பிறகுதான் வெளிநாடு போய்ச் சேரும்.

தை மாதம் நீங்கள் விடுமுறையில் வந்திருந்தபோது சுகாதார நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது ஞாபகமிருக்கும். ஊர்ச்சனம் உடம்பைப் பார்ப்பதில்லை, ஆகவே வாரத்தில் ஆறு நாள் காலையில் அவர்களை நடத்திக் கூட்டிப்போக ஒரு தொண்டர் வேண்டும் என்றார்கள். யார் முன்வருகிறீர்கள் என்று தாதி கேட்டதும் மண்டபம் முழுவதும் தன் தன் செருப்பைக் குனிந்து பார்த்தது. அப்போது என் வலது கை உயர்ந்தது. உயர்த்தியது நான் அல்ல, பக்கத்துக் கதிரையில் இருந்த நீங்கள். "மாமா இளைப்பாறி ஆறு வருசம், வீட்டில சும்மாதான் இருக்கிறார்" என்று நற்சான்றிதழும் கொடுத்தீர்கள். அதோடு விட்டீர்களா, நோர்வேயில் சனம் பனிக்குள்ளும் நடக்கும் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டீர்கள். அங்கே நடக்காமல் நின்றால் உறைந்துபோவார்கள், அதனால் நடக்கிறார்கள். இங்கே நின்றால் யாராவது தேத்தண்ணி தருவார்கள். இந்த வித்தியாசத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

கையை நான் கீழே இறக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அதே கிழமை கிளினிக்கில் மாமியின் பாதத்தை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார்கள். மாமிக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் கொடுத்த இரத்தத்தில் சீனி இருநூற்று இருபது. உப்புவெளியில் இருக்கும் அவருடைய தமக்கைக்குப் போன வருடம் ஒரு பாதத்தை எடுத்தது உங்களுக்குத் தெரியும். அதுவும் இப்படி மரத்துப்போய்த்தான் தொடங்கியது. டொக்டர் சொன்ன மருந்து ஒன்றுதான், நடக்கவேண்டும். மூன்று மாதம் நடந்து சீனி குறையாவிட்டால் பிறகு வேறு கதை என்றார். எனக்குப் பயம், மருமகன். இந்த வயதில் வேறு எதற்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. புருஷன் தலைவனென்றால் ஊருக்கு வெட்கப்பட்டாவது மாமி பின்னால் வருவார் என்று கணக்குப் போட்டேன்.

மாமியின் பதிலை அப்படியே தருகிறேன். "கதிர்காமத்துக்கெண்டா இந்த நிமிசமே நடப்பன். சந்தைக்கெண்டாலும் நடப்பன். ஒரு அலுவலும் இல்லாமல் வெளிக்கிட்டுப் போய், ஒண்டும் வாங்காமல் திரும்பி வாறதுக்கு எனக்கென்ன விசரே?" இதற்கு உலக சுகாதார நிறுவனம் முழுவதும் திரண்டு வந்தாலும் பதில் இல்லை.

சரி, மாமி இன்று வராவிட்டால் நாளை வருவார் என்று சேவையைத் தொடங்கினேன். முப்பத்தொரு வருடம் பஸ் நிலையத்தில் நேரம் பார்த்து வண்டி அனுப்பும் ரைம் கீப்பராக இருந்தவன், எனக்குத் தெரிந்த தலைமை அது ஒன்றுதான். முதல் நாள் ஐந்தரைக்குப் புறப்படும் என்று அறிவித்தேன், ஐந்தரைக்குப் புறப்பட்டேன். ஒருவரும் வந்திருக்கவில்லை, ஆகவே தனியாகப் போய்த் தனியாக வந்தேன். ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்ந்த பதினொரு பேர் தலைவரைக் காணவில்லை என்று அரை மணி நேரம் நின்று தேடிவிட்டு வீட்டுக்குப் போனார்களாம். அன்று மாலையே சுகாதார நிலையத்துக்கு என் மேல் முறைப்பாடு போயிற்று. முதல் நாளிலேயே முறைப்பாடு வாங்கிய ரைம் கீப்பர் இந்த மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிந்தி வருகிறவர்களுக்கும் நியாயம் செய்யவேண்டுமே என்று வழியில் ஆறு தரிப்பு வைத்தேன். அங்கே நிற்கிறவர்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம். இதுதான் நான் விட்ட பிழை. அடுத்த கிழமை எல்லோருக்கும் தன் தன் வீட்டுக் கேற்றடியில் ஒரு தரிப்பு வேண்டுமாயிற்று. சந்தைக்குப் போகிறவர்கள் கூடையோடு ஏறினார்கள், சந்தையடியில் இறங்கினார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி இளைப்பாறிய சின்னராசா, இவர் நாலாம் தரிப்பில் ஏறி ஐந்தாம் தரிப்பில் இறங்குகிறவர். இரண்டுக்கும் இடையில் இருநூறு மீற்றர் இருக்கும். கேட்டால், "நான் ஒரு நாளும் தவறினதில்லையே ஐயா" என்கிறார். உண்மைதான், வரவுப் பதிவில் முதலாம் பெயர் அவருடையது. முழுத் தூரத்தையும் நடக்க ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் பதினான்கு பேர், நடந்தது நான்.

ஐந்தாம் தரிப்பில் ஏன் எல்லோரும் இறங்குகிறார்கள் என்றால், அது உட்துறைமுக வீதியில் அபூதாஹிரின் தேத்தண்ணிக் கடை. தேத்தண்ணிக்கு நிற்காத நெடுந்தூரப் பஸ்ஸை இந்த நாடு கண்டதில்லை, ஆகவே ஐந்து நிமிடம் அனுமதித்தேன். ஐந்து நிமிடம் நாற்பது ஆயிற்று. ஆறு மணிக்கு அந்த மனிதர் பற்றிஸை எண்ணெயிலிருந்து அள்ளி வைக்கிறார், காற்று துறைமுகத்திலிருந்து வீட்டுப் பக்கம் அடிக்கிறது, நான் என்ன செய்ய. இரும்புக்கடை ஆதம்பாவா ஹாஜியார் வைத்தியம் சொல்வார்: "வெறும் வயித்தில நடந்தா வாயு பிடிக்கும் ஐயா, ஒண்டைக் கடிங்க." அவர் மூன்று கடிப்பார். வங்கியில் வேலை செய்யும் நிரோஜினி என்ற பிள்ளை கையில் அடி எண்ணும் மணிக்கூடு கட்டியிருக்கிறது. கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடியே கையை வீசி வீசி ஒரு நாள் நாலாயிரம் அடி நடந்து முடித்தது. கை நடந்தது, ஆள் இருந்தது. "அங்கிள், இண்டைக்கு உங்களை வெண்டிட்டன்" என்று எனக்கே காட்டியது.

இதற்கிடையில் சுகாதார நிலையம் மஞ்சள் ரீசேட் தந்தது. முதுகில், "இன்று நடந்தால் நாளையும் இருப்போம்." அதைப் போட்ட முதல் நாளே டச்சுக்குடாப் பக்கம் ஒரு செத்த வீடு. செத்த வீட்டைத் தாண்டி நடக்க நாங்கள் என்ன நோர்வேக்காரர்களா? பதினான்கு பேரும் உள்ளே போனோம். பிணத்துக்கு முன்னால் வரிசையாக நின்று கும்பிட்டோம், பின்னால் இருந்த துக்கக்காரர்கள் எங்கள் முதுகை வாசித்தார்கள். வெளியே வரும்போது மகன்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஒரு நாளும் விடாமல் நாலு மைல் நடக்கிறவர் ஐயா" என்று அழுதான். அன்றோடு மூன்று பேர் நடையை விட்டார்கள். மற்றவர்கள் விடவில்லை, வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். இப்போது சின்னராசா மரண அறிவித்தல் பார்த்துத்தான் பாதையைத் தீர்மானிக்கிறார். போகிற இடங்களில், "நடைக்காரர் வந்திருக்கினம், கதிரை போடுங்கோ" என்கிறார்கள். சோடாவும் வருகிறது. உடல்நல இயக்கமாகத் தொடங்கியது உள்ளூர் மரணங்களுக்கான பிரதிநிதிகள் குழுவாக வளர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் என் தலைமையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். செத்த வீடு தேடிப் பாதை மாறி, முள்ளுக்கம்பி வேலியோடு கூடிய ஒரு காவலரணுக்கு முன்னால் போய் நின்றுவிட்டோம். விடிந்தும் விடியாத நேரம், ஒரே நிறச் சட்டையில் பதினொரு பேர். சிப்பாய் நாங்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, யார் தலைவர் என்று கேட்டான். பதினொரு சுட்டுவிரல் ஒரே நேரத்தில் என்னைக் காட்டின. என்னை விட்டால் கூட்டத்தில் பத்துப் பேர்தான், ஹாஜியார் இரண்டு கையாலும் காட்டினார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுத்து நான் வெளியே வர ஏழரையாயிற்று. மற்றவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள், அபூதாஹிரின் கடையில்.

போன வியாழக்கிழமை மூன்று மாதம் முடிந்து நிறுவைத் தராசு வந்தது. பதினொரு பேருமாகச் சேர்ந்து இருபத்தாறு கிலோ கூடியிருக்கிறோம். என் பங்கு மூன்றரை. தாதி இரண்டாம் தரம் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் நடத்தினது நடையோ விருந்தோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அடுத்த வரிசையில் மாமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று மாதமாக எங்களோடு ஒரு அடி நடக்காத மாமி. சீனி நூற்றி முப்பத்தாறு. ஐந்து கிலோ குறைவு. ஊசிமுனையால் தொட்டபோது, "உதென்ன குத்துறியள்" என்று காலை இழுத்தார். நான் வெளியே போய் வேலியோரம் நின்று மூக்கைச் சீறிவிட்டு வந்தேன். யாருக்கும் சொல்லவேண்டாம். அழுதேன்.

ஆனால் நான் உள்ளே திரும்பியபோது தாதி மாமியைக் கதிரையில் ஏற்றாத குறையாகப் புகழ்ந்துகொண்டிருந்தார். என்னம்மா செய்தீர்கள் என்று கேட்க, மாமி, "ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சனான்" என்றார். அவ்வளவுதான், என் குழு முழுவதும் இப்போது வெந்தயக் கட்சி. "வீட்டில மருந்தை வைச்சுக்கொண்டு எங்களை ஏன் ஐயா தெருத்தெருவா இழுத்தனீங்கள்?" என்று சின்னராசா கேட்கிறார். இருநூறு மீற்றர் நடந்த மனிதர்.

அந்தச் சின்னராசாவோடு நான் இப்போது கதைப்பதில்லை, காரணம் இது மட்டுமல்ல. நாள்தோறும் ஏழேகாலுக்கு நான் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது மாமி குசினியில் அடுப்புச் சூட்டில் வியர்த்து விறுவிறுத்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். திரும்பியும் பார்க்காமல் தீர்ப்பு வரும். "இண்டைக்கு ரெண்டு பற்றிஸ், ஒரு ரோல்ஸ். ஹாஜியார் நீட்டின மூண்டாவதை வேண்டாமெண்டு கையைக் காட்டினது நடிப்பு, பிறகு எடுத்தனீங்கள்." வரி தவறாத அறிக்கை. சின்னராசா தொலைபேசியில் ஒப்புவிக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பதினொரு நாளாக அவருடைய தரிப்பை நான் இரத்துச் செய்திருக்கிறேன்.

ஆகவே மருமகன், என் கோரிக்கை சுருக்கமானது. நடந்தவர்கள் கொழுத்தார்கள், நடக்காதவர் சுகப்பட்டார். இதற்கு மேல் ஒரு தொண்டனுக்கு என்ன அவமானம் வேண்டும்? இக்கடிதத்தோடு என் இராஜினாமாவையும் வைத்திருக்கிறேன். கையைத் தூக்கியது நீங்கள், இறக்கிவிட வேண்டியதும் நீங்கள்தான். சுகாதார நிலையத்துக்கு நீங்களே நோர்வேயிலிருந்து கௌரவமாக ஒரு வரி எழுதி, மாமாவின் உடல்நிலை நடைக்கு இடந்தரவில்லை என்று அறிவிக்கவும். மகளுக்கு என் அன்பைச் சொல்லவும். இருவரும் நிறைவோடு, நோயின்றி, பனியில் வழுக்காமல் நீடு வாழ இங்கிருந்து இரண்டு கையாலும் ஆசீர்வதிக்கிறேன். மாமியும் தன் பங்கை ஸ்பீக்கரில் சொல்லுவார்.

இங்ஙனம்,
தங்கள் மாமனார்
வே. இரத்தினசிங்கம்,
(இளைப்பாறிய ரைம் கீப்பர், இப்போது மறுபடியும்)

பின்குறிப்பு: மேலே எழுதியது அனைத்தும் இரத்து. உறையை ஒட்டித் தபாற் கந்தோருக்குப் போகும் வழியில் அபூதாஹிர் கடையிலிருந்து இறங்கி வந்து மறித்தார். "ஐயா, குறை நினைக்காதீங்க, உங்கட வீட்டு அக்காவுக்கு ஒரு கதிரை போட்டுக் குடுக்கட்டா? மூணு மாசமா முன் ஒழுங்கையில மதிலோட ஒட்டி நிண்டுதான் நீங்க சாப்பிடுறதப் பாக்கிறா. நீங்க கடைசி வாய் வெச்சதும் பறந்திருவா" என்றார். நடுத்தெருவில் நின்று யோசித்தேன். வீட்டிலிருந்து கடைக்கு ஒன்றேகால் மைல். போக ஒன்றேகால், வர ஒன்றேகால், அதில் வருவது முழுவதும் மலை ஏற்றம், எனக்கு முன்னால் குசினிக்குள் நிற்கவேண்டும் என்பதால் அரை ஓட்டம். வாரத்தில் ஆறு நாள். வீட்டுக்கு வந்து அலுமாரிக்குக் கீழே பார்த்தேன். தயாளினி விட்டுப்போன சப்பாத்து அடி தேய்ந்து கிடக்கிறது. மாமிக்கு ஒரு அலுவல் கிடைத்திருக்கிறது, மருமகன். அது நான்.

ஆகவே உறையைப் பிரித்து இராஜினாமாவைக் கிழித்துவிட்டேன், நீங்கள் யாருக்கும் எழுதவேண்டாம். தயாளினிக்கும் சொல்லவேண்டாம், சொன்னால் அடுத்த அழைப்பிலேயே தாய்க்குத் தெரிந்துவிடும், அலுவல் போய்விடும். சின்னராசாவிடம் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டேன், தரிப்பையும் திருப்பிக் கொடுத்தேன். கதிரை போடவேண்டாம் என்று அபூதாஹிரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பற்றிஸைக் கையில் வைத்துச் சாட்டுக்குக் கடித்தால் மாமி ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார், ஆகவே முழுதாகத்தான் சாப்பிடவேண்டும். எனக்குக் கொலஸ்ரோல் ஏறினால் அதற்குக் குளிசை இருக்கிறது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து தேத்தண்ணித் தரிப்பை மூதூர்ப் படகு இறங்குதுறைப் பக்கம், இன்னும் அரை மைல் தள்ளி மாற்றுகிறேன். அந்தக் கடைப் பற்றிஸ் வாயில் வைக்க ஏலாது. இரண்டு சாப்பிடுவேன்.