மஞ்சள் பூசிய புற்றுநோய் இதழ்

சாமி பக்தி நல்லதுதான். ஆனால் அதைக் கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குள் போகக் கூடாது. நான் போனேன்.

ஐம்பதுகளின் கடைசி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு பைண்டிங் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எங்களிடம் வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று அவர் நடத்திய இங்கிலீஷ் இதழ் அதுவரை மெட்ராஸில் அச்சாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. இனி மாதாமாதம், அதுவும் சேலத்திலேயே.

"முதல் இதழ் வெள்ளிக்கிழமை சாயங்காலத் தபால்ல போகணும். சரியா வரலைன்னா மறுபடி மெட்ராசுக்கே கொடுத்துடுவேன்" என்றார். முதலாளி தலையாட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முந்நூறு பிரதியும் தைத்து, அட்டை ஒட்டி அடுக்கியாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் தாய்மாமனைத் தொண்டைப் புற்றில் பறிகொடுத்தவன் நான். அந்த வியாதியை ஒழிக்கப் போகிற புத்தகம் இப்படி மொட்டையாகவா வெளியே போவது? (காதுகுத்துப் பத்திரிகையைக்கூட மஞ்சள் வைக்காமல் யாரும் கொடுப்பதில்லையே!) முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, திருச்செங்கோட்டு முருகனை வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு அட்டைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. உள்ளே மூன்று பக்கம் வரை ஊறிவிட்டது.

முதலாளியும் டாக்டரம்மாவும் சேர்ந்தே வந்தார்கள்.

"என்னப்பா இது? குழம்பு கொட்டிடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்கம்மா. மங்களகரமா இருக்கட்டுமேன்னு..."

"இது லண்டனுக்கெல்லாம் போகுதுப்பா!"

"அங்கயும் சாமி இருக்குதுங்களே?"

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கெடுத்துப்போட்டயேடா பழனியப்பா! மெட்ராசுக்காரன் கை கொட்டிச் சிரிப்பானே!"

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் வாசலைத் தாண்டினால் இதழும் போச்சு, என் வேலையும் போச்சு.

"ஒரே நிமிசம் இருங்கம்மா!" என்று ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்து வெட்டு மிஷினுக்குள் தள்ளினேன். மெட்ராஸ் மாதிரியைப் பார்த்து அச்சடித்ததால் எழுத்தைச் சுற்றி ஓரம் தாராளமாக இருந்தது. தலையில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு. நாலு மூலையும் மஞ்சளோடு கீழே விழுந்தன. புத்தகம் குட்டையாகத் தெரிந்ததால் பக்கவாட்டிலும் ஒரு வெட்டு.

டாக்டரம்மா ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஒரு எழுத்துக்கும் சேதமில்லை. என்ன தோன்றியதோ, தன் வெள்ளைக் கோட்டுப் பையில் அதைச் செருகிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அட! பழசு பைக்குள்ள நுழையவே நுழையாது. எல்லா டாக்டரும் மேஜையில போட்டுட்டுப் போயிடுவாங்க. இனி வார்டுல நின்னுக்கிட்டே படிக்கலாமே! மாசாமாசம் இதே அளவுதான். வெட்டுறது இந்தப் பழனியப்பன்தான்."

"நம்மாளு கெட்டிக்காரனுங்கம்மா" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அன்று சாயங்காலத் தபாலில் முந்நூறும் போயின. அப்புறம் பல வருஷம் அந்த இதழ் எங்கள் அச்சகத்திலிருந்து அதே அளவில்தான் போயிற்று. (முருகன் செயல். மிஷின் பிளேடுக்கும் கொஞ்சம் பங்குண்டு.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோசை சிறுத்துப் போனால் என் மனைவி அசருவதில்லை.

"ஏனுங்க, இது டாக்டரம்மா அளவுங்க. பேசாமத் தின்னுங்க."