கிடாய் தேர்ந்தெடுத்த குரூப்

பிள்ளை என்ன படிப்பதென்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும் என்று இந்தக் காலத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கு இன்டர்மீடியட் பாடம் தேர்ந்தெடுத்தது ஒரு வெள்ளாட்டுக் கிடாய்.

வெள்ளைக்காரன் காலம். மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். எங்கள் வகையறாவிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பிரகஸ்பதி நான். (தேறினேன் என்பதைவிட, தள்ளிவிட்டார்கள் என்பதே சரி.) சேலத்துக் காலேஜில் சேர மூன்று குரூப். முதலாவது கணக்கு, எனக்கு ஜென்மப் பகை. இரண்டாவதில் தவளை அறுக்க வேண்டும். எனக்கோ கோழி அறுத்தாலே கண் இருட்டும். மூன்றாவது சரித்திரம். செத்துப்போன ராஜாக்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அதுதான் வேண்டும் என்று அய்யனிடம் சொன்னேன். (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"கருப்பணாரைக் கேக்காம நம்மூட்டுல என்ன காரியம் நடந்திருக்குது, சாமி?" என்றார்.

கருப்பணார் எங்கள் குலசாமி. கேட்பது என்றால், அவர் கோயிலில் கிடாய்க்கு மாலை போட்டு, கேள்வியைச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பது. அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு. எங்கள் வீட்டுக் கல்யாணங்களும் கிணறுகளும் அப்படி முடிவானவைதான். உத்தரவு ஆகிவிட்டால் மறுகேள்வி கிடையாது.

கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். அய்யன் கும்பிட்டபடி, "மூணாவது குரூப்புங்களா?" என்றார். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடாய் கழுத்து மாலையைத் தின்றது. "மொதலாவதுங்களா?" அதற்கும் மென்றது.

பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "படிப்பே வேண்டாங்குதாட்ட இருக்குது. பேசாம ஏரைப் புடிக்கட்டுமான்னு கேளு தம்பி."

கிடாயின் காது லேசாக ஆடியது. இப்போது சிலிர்த்துத் தொலைத்தால் காலேஜ் போச்சு, ஆயுசுக்கும் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பாய்ந்து பூசாரியின் குடத்தைப் பிடுங்கினேன். முழுத் தண்ணீரையும் கிடாயின் தலையில் கவிழ்த்து, "ரெண்டாவது குரூப்புங்க, சாமி!" என்று கத்தினேன்.

வரிசையில் அடுத்தது அதுதான் என்று வாயில் வந்துவிட்டது. மூன்றாவது என்று கத்த வேண்டும் என்ற புத்தி, கிடாய் கொம்பிலிருந்து வால் வரைக்கும் உதறி முடித்த பிறகுதான் வந்தது. பெரியப்பாவின் வெள்ளை வேட்டி மஞ்சளாகிவிட்டது.

"உத்தரவு ஆயிருச்சுங்க," என்றார் பூசாரி. அய்யனுக்குக் கண் கலங்கியது. "டாக்டருக்குப் படிக்கோணும்னு சாமியே சொல்லிப்போட்டாருங்க," என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். மத்தியானம் கறி விருந்தில் முதல் இலை எனக்குத்தான்.

காலேஜில் முதல் தவளைக்குக் கத்தி வைத்ததும் அதன் பக்கத்திலேயே நானும் மல்லாந்தேன். பரீட்சை எழுதினேன், போயிற்று. மறுபடியும் எழுதினேன், மறுபடியும் போயிற்று. வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து நின்றபோது பெரியப்பா தயாராக உட்கார்ந்திருந்தார். "ஏந்தம்பி, கருப்பணாரே சொல்லியுமா இப்படி?" என்று அய்யனைப் பார்த்துக் கேட்டார்.

அய்யன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று அவர் சொன்ன பதிலைத்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் எதில் கோட்டைவிட்டாலும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"இவனைச் சொல்லிக் குத்தமில்லீங்கண்ணா. அந்தக் கெடாயைத்தான் நிறுத்திக் கேக்கோணும். அதைத்தான் அன்னைக்கே தின்னுப்போட்டமே."